ஐஸ் உருகும் கணக்கு

மார்கழிக் குளிரில் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. பாட்டிலை ஒட்டிய ஓரம் முதலில் இளகும். நடுவில் வெள்ளைக் கட்டி அசையாமல் நிற்கும். குளிக்கப் போகிறவர் அவசரத்தில் பாட்டிலைக் குலுக்குவார். கட்டி முழுவதும் உருக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் தாளும் பேனாவுமாக உட்காருவதில்லை. அப்படி உட்கார்ந்தவர்களும் உலகத்தில் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்டது எண்ணெயை அல்ல. பனிக்கட்டி, பூமியின் மேலோடு, உருக்கு, பேதி உப்பு, மெழுகு, காலியம் என்று ஆளுக்கொரு பொருள். கணக்கு மட்டும் ஒன்றே.

பார்வைக்கு அது எட்டாம் வகுப்புக் கணக்குப் போலத்தான் இருக்கும். இறங்கினால்தான் சிக்கல் புரியும். எவ்வளவு வெப்பம் உள்ளே பாய்கிறது என்று சொல்ல, கட்டிக்கும் திரவத்துக்கும் நடுவே உள்ள எல்லை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். எல்லை எங்கே நிற்கிறது என்று சொல்ல, இதுவரை எவ்வளவு வெப்பம் பாய்ந்தது என்று தெரிய வேண்டும். விதை முந்தியா, மரம் முந்தியா என்ற கதைதான். போதாக்குறைக்கு அந்த எல்லை ஒரு கணம்கூட ஓர் இடத்தில் நிற்காது. 250 ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரும் எல்லையைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

துரத்தலைத் தொடங்கிவைத்தவர் ஜோசப் பிளாக். அப்பா ஒயின் வியாபாரி. அதனால் இந்த ஸ்காட்லாந்துக்காரர் பிறந்தது பிரான்சின் போர்தோ நகரத்தில். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்துக்கொண்டிருந்தார். உருகும் நிலைக்கு வந்துவிட்ட பனிக்கட்டிக்கு இன்னும் துளி வெப்பம் கொடுத்தால் போதும், சட்டென்று தண்ணீராகிவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். பிளாக்குக்கு அதில் சந்தேகம். அப்படியென்றால் வசந்தத்தின் முதல் வெயில் நாளிலேயே மலைப் பனி முழுவதும் ஒரேயடியாகத் தண்ணீராகி, அடிவாரத்து ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டுமே? மலையில் பனி வாரக்கணக்கில் கிடந்து மெல்லத்தானே கரைகிறது?

1761-ஐ ஒட்டிய குளிர்காலத்தில் அவர் செய்த சோதனையை இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி. மற்றொன்றில் அதே எடைத் தண்ணீர், உறையும் நிலைக்கு ஒரு டிகிரிதான் மேலே. இரண்டையும் ஒரு பெரிய வெற்றுக் கூடத்தில் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டார். கூடத்தின் வெப்பநிலை 47 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் 33-லிருந்து 40 டிகிரிக்கு வர அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரிக்கு வரப் பத்தரை மணி நேரம். அதாவது 21 அரை மணிகள். அரை மணிக்கு 7 டிகிரி வெப்பம் என்றால் மொத்தம் 147. அதில் தெர்மாமீட்டர் காட்டியது 8 மட்டும். மிச்சம் 139 டிகிரிக்கான வெப்பம் உள்ளே போனது உண்மை; தெர்மாமீட்டரில் அதன் சுவடே இல்லை. செல்சியஸில் சொன்னால் 77. நவீனக் கருவிகள் தரும் விடை 80-ஐ ஒட்டியது. இரண்டு குடுவைகளையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு கிட்ட வந்தது அபாரம்தான்.

நம் பாடப்புத்தகங்களில் உள்ளுறை வெப்பம் என்று வருவது இதுதான். ஆனால் பிளாக் இதைப் புத்தகமாக அச்சிடவே இல்லை. வகுப்பில் சொன்னதோடு சரி. மாணவர்கள் எழுதிக்கொண்ட குறிப்புகள் கைக்குக் கை மாறிப் பிரதி எடுக்கப்பட்டன. 1770-இல் லண்டனில் பெயர் போடாத ஒரு புத்தகம் அவருடைய கருத்துகளைச் சுமந்து வெளிவந்தது; அவர் அனுமதி தந்தது அல்ல. 1772-இல் ஸ்வீடனில் யோஹன் வில்கே என்பவர், வெந்நீர் விட்டுப் பனியை உருக்கும்போது எதிர்பார்த்த அளவு உருகவில்லையே என்று யோசிக்கப் போய், பிளாக்கைப் பற்றி எதுவும் அறியாமலே இதே உண்மையை வந்தடைந்தார். அவர் உடனே அச்சிலும் போட்டுவிட்டார். பிளாக்கின் விரிவுரைகள் முறையாக அச்சானது 1803-இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. முதலில் கண்டவர் யார் என்ற சண்டைக்கு அதற்குள் பல தரப்புகள் முளைத்துவிட்டன.

பாரிஸில் லாவாசியேவும் லாப்லாஸும் விஷயத்தை அப்படியே திருப்பிப் போட்டார்கள். உருக இவ்வளவு வெப்பம் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், உருகிய தண்ணீரை எடை போட்டு வெப்பத்தை அளக்கலாம் அல்லவா? 1780-களின் தொடக்கத்தில் ஒரு கினிப் பன்றியைக் கூடையில் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டி அடைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது என்று பிடித்தார்கள். உயிர் மூச்சு விடுவதும் கரி எரிவதும் ஒரே வகை வேலைதான் என்ற முடிவுக்கு அவர்களைக் கொண்டுபோனது அந்தச் சொட்டு நீர். கினிப் பன்றியிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

படித்தவர்கள் இப்படி இருக்க, கணக்கே தெரியாமல் அதில் காசு பார்த்தவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடர். ஊர்க் குளங்களில் குளிர்காலத்தில் சும்மா உறைந்து கிடக்கும் ஐஸை அறுத்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பலாம் என்று கிளம்பினார். 1806-இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு முதல் சரக்கு போனபோது ஊரே சிரித்தது. அங்கே ஐஸை வைக்கக் கிடங்கு கிடையாது. வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வது என்றும் புரியவில்லை. பெரும் நஷ்டம். கடன்காரச் சிறைக்கும் போய்வந்தார். ஆனால் ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தது. ஐஸ் வெளிப்புறத்தில் மட்டும்தான் உருகும். ஆகவே பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினால் வெளிப்புறம் குறையும். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டினால் சூடு நுழைவது தடைபடும். மர அறுவை ஆலைகள் தூக்கி எறிந்துகொண்டிருந்த தூளுக்கு அதன் பிறகு விலை வந்தது. நத்தானியல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் அறுவைக் கருவியைச் செய்துகொடுத்தார். ஒரே அளவுப் பாளங்கள் கிடைத்ததால் அடுக்குவதும் சுலபமானது.

1833 மே மாதம் பாஸ்டனில் இருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. ஒரு கிலோ கட்டியாக இருந்திருந்தால் பாஸ்டன் துறைமுகத்தைத் தாண்டியிருக்காது. அளவு பெருகப் பெருக, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு சுருங்கும் என்பதுதான் அதன் ரகசியம். டியூடர் இதை எந்தச் சமன்பாட்டிலும் எழுதவில்லை; கணக்குப் பிள்ளைகளின் லாப நஷ்டப் பேரேட்டில் எழுதினார். 1840-களில் சென்னைக் கடற்கரையில் அவர் கம்பெனிக்கு ஒரு வட்ட வடிவக் கிடங்கு எழுந்தது. செயற்கை ஐஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் போய் மாளிகையானது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அவர் பெயரில் இல்லமாக இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்துக்கு ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டிய பெயர் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான்.

சமன்பாடு பிறந்தது குளிர்ந்த இன்னொரு ஊரில். காப்ரியேல் லாமே, பெனுவா கிளாப்பெய்ரோன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பத்தாண்டுக் காலம் வாத்தியார் வேலை பார்த்தார்கள். பூமி ஒரு காலத்தில் உருகிய கோளம் என்றால், அதன் மேலோடு எவ்வளவு வேகத்தில் தடித்திருக்கும்? 1831-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் விடை அழகானது: தடிமன், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மடங்கு தடிக்க ஒரு காலம் என்றால், இரண்டு மடங்குக்கு நான்கு காலம், மூன்று மடங்குக்கு ஒன்பது காலம். உறைந்த பகுதி தனக்குக் கீழே உள்ள சூட்டுக்குத் தானே போர்வையாகிவிடுகிறது. போர்வை தடிக்கத் தடிக்க வேலை மந்தமாகிறது. ஆனால் அந்த வர்க்கமூலத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய எண்ணை அவர்கள் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பி ரயில் பாதை போடும் வேலையில் இறங்கினார்கள். கட்டுரையை உலகம் மறந்தது.

1860-களில் கோனிக்ஸ்பெர்க்கில் ஃபிரான்ஸ் நாய்மன் அந்த எண்ணையும் கண்டுபிடித்து, கட்டியும் திரவமும் வேறுவேறு வெப்பநிலையில் இருக்கும் கடினமான நிலைக்கும் விடை எழுதினார். எங்கே? கரும்பலகையில். அச்சில் அது வந்தது 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகு, வேறொருவர் எழுதிய பாடப்புத்தகத்துக்குள். பிளாக்குக்கு நேர்ந்ததே இவருக்கும். மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் ஒளிந்து வாழ்வது இந்தக் கணக்கின் பிறவிக் குணம்போல.

நாய்மனின் விடை அச்சேறாமல் கிடந்த அந்த இடைவெளியில் நுழைந்தவர் யோசஃப் ஸ்டெஃபான்.

1872 கோடையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் 'டெகெட்ஹாஃப்' கப்பல் வடதுருவம் நோக்கிக் கிளம்பியது. கார்ல் வைப்ரெக்ட், யூலியுஸ் பாயர் இருவரும் தலைவர்கள். ஆகஸ்டிலேயே நோவாயா ஸெம்ல்யாத் தீவுக்கு அருகில் கடல் உறைந்து கப்பலைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு கப்பல் போன இடமெல்லாம் பனிப்பாளம் இழுத்துப்போன இடம்தான். அந்தச் சிறையிருப்பில், தற்செயலாக, அதுவரை வரைபடத்தில் இல்லாத ஒரு தீவுக் கூட்டம் கண்ணில் பட்டது. பேரரசரின் நினைவாக ஃபிரான்ஸ் யோசஃப் நிலம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு குளிர்காலம் கழித்து, 1874 மே மாதம் கப்பலைக் கைவிட்டு, படகுகளைப் பனியின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஆகஸ்டில் ரஷ்ய மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள்.

கப்பல் மாட்டிக்கொண்டால் மாலுமிக்கு வேறு என்ன வேலை? வைப்ரெக்ட் பனியின் தடிமனையும் காற்றின் குளிரையும் அளந்துகொண்டே இருந்தார்; துருவப் பனியைப் பற்றி 1879-இல் புத்தகமும் எழுதினார். பிரிட்டிஷ், ஜெர்மன் துருவப் பயணங்களிலும் இப்படி அளவுகள் குவிந்து கிடந்தன. அவற்றையெல்லாம் வியன்னாவில் தன் மேசைக்குக் கொண்டுவந்தார் ஸ்டெஃபான். கிளாகன்ஃபுர்ட் அருகே ஏழை ஸ்லோவேனியக் குடும்பத்தில் பிறந்தவர், இளவயதில் ஸ்லோவேனிய மொழியில் கவிதை எழுதியவர், போல்ட்ஸ்மானின் ஆசிரியர். துருவப் பக்கம் அவர் போனதே இல்லை. அடிப்பகுதியில் கடல் நீர் உறையும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் முழுவதும், பனிப்பாளத்தின் வழியே மேலேறிக் காற்றில் கலக்கிறது. அவ்வளவுதான் அவர் எடுத்துக்கொண்டது. 1889-இல் வியன்னா அறிவியல் கழக ஏட்டிலும், 1891-இல் ஜெர்மனியின் முக்கியமான இயற்பியல் இதழிலும் முடிவு வெளிவந்தது. தடிமனின் வர்க்கம், இதுவரை அனுபவித்த குளிரின் கூட்டுத்தொகைக்கு ஏற்பக் கூடும்.

நாமே போட்டுப் பார்க்கலாம். பனியின் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நாளில் 11 செ.மீ. உறையும். 22 செ.மீ. ஆக நான்கு நாள், 33 செ.மீ. ஆக ஒன்பது நாள். நிஜத்தில் மேலே விழும் வெண்பனியும் காற்றும் இதைக் குறைக்கும். ஆனாலும் உறைந்த ஏரிகளின் மேல் லாரி ஓட்டும் நாடுகளில், பாதையைத் திறக்கலாமா என்று மதிப்பிட இந்த வர்க்கமூலம் இன்றும் கை கொடுக்கிறது. முதல் விடை லாமே-கிளாப்பெய்ரோனுடையது, முழு விடை நாய்மனுடையது. ஆனாலும் நகரும் எல்லைக் கணக்குகள் அனைத்துக்கும் இன்று 'ஸ்டெஃபான் கணக்கு' என்றே பெயர். அந்தப் பெயரை நிலைநிறுத்தியதில் சோவியத் கணிதவியலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எண்களைக் கடலில் இருந்து கொண்டுவந்த வைப்ரெக்டின் பெயர் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை என்பது எனக்குச் சற்றுக் குறையாகவே படுகிறது.

அடுத்த திருப்பம் உருக்காலைகளில். அச்சில் ஊற்றிய எஃகு எப்போது உறையும்? சீக்கிரம் எடுத்தால் நடுவே திரவம். தாமதித்தால் உலையும் நேரமும் வீண். 1940-இல் க்வோரினோவ் என்ற பொறியாளர், வார்ப்பின் கனஅளவை மேற்பரப்பால் வகுத்து வர்க்கப்படுத்தினால் வரும் எண்ணுக்கு ஏற்ப உறையும் நேரம் கூடும் என்று வாய்ப்பாடு கொடுத்தார். டியூடரின் கப்பல் ரகசியம் தலைகீழாக உலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் இது பாலபாடம்.

எஃகின் குணங்களோ வெப்பநிலைக்கு வெப்பநிலை மாறும். வாய்ப்பாட்டில் அதை அடக்க முடியாது. மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ, 'மெக்கானோ' என்ற சிறுவர் விளையாட்டுச் சாமானின் துண்டுகளை வைத்து 1934-இல் ஒரு கணக்கு இயந்திரத்தின் மாதிரியைக் கட்டியிருந்தார். அடுத்து வந்த முழு அளவு இயந்திரத்தில், 1940-களில், எஃகுக் கட்டிகள் குளிர்வதை அவரும் எஃகுத் துறைக்காரர்களும் போட்டுப் பார்த்தார்கள். அந்த வேலையில்தான் கணக்கின் தலையெழுத்தை மாற்றிய ஒரு யோசனை உருவெடுத்தது. எல்லையைத் துரத்துவதை விட்டுவிடு. பொருளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தம் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதிவை. சேர்ந்தது உள்ளுறை வெப்பத்தின் அளவைத் தாண்டிவிட்டதா, அந்தக் கட்டம் திரவம். உருகவே தொடங்கவில்லையா, திண்மம். பாதியில் நிற்கிறதா, எல்லை அங்கேதான் எங்கோ போகிறது. பிளாக்கின் தெர்மாமீட்டர் காட்ட மறுத்த அதே வெப்பத்தைக் கணக்கின் மையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். இது குறுக்குவழி மட்டும் இல்லை, கணித நியாயமும் உள்ளது என்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாஸ்கோவில் ஒல்கா ஒலெய்னிக்கும் காமெனொமோஸ்த்ஸ்கயாவும் நிறுவினார்கள்.

உருகுவதையும் உறைவதையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை இதற்குள் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ரயில்களில் பயணிகள் கால் வைத்துக்கொள்ள, சோடியம் அசிட்டேட் நிரப்பிய தகரப் பெட்டிகள் கொடுத்தார்கள். 58 டிகிரியில் உருகும் அந்த உப்பு உறையும்போது வெப்பத்தைத் திருப்பித் தரும். சில சமயம் குளிர்ந்த பிறகும் உறைய மறுத்துத் திரவமாகவே கிடக்கும். பெட்டியைப் பிடித்துக் குலுக்கினால்தான் வழிக்கு வரும்.

இந்த அடம் என்ன செய்யும் என்பதைப் பெரிய அளவில் அனுபவித்தவர் மரியா டெல்கெஸ். புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்கா போன விஞ்ஞானி. எம்ஐடியில் சூரிய ஆற்றல் ஆய்வில் இருந்தார். 1948-இல் மாசசூசெட்ஸின் டோவர் ஊரில் ஒரு வீடு கட்டினார்கள். வரைந்தவர் எலினார் ரேமண்ட், பணம் போட்டவர் அமீலியா பீபாடி. மூவருமே பெண்கள். அடுப்போ நிலக்கரியோ இல்லாமல் சூரியனை மட்டும் நம்பிய வீடு அது. பகல் வெப்பத்தை இரவுக்குச் சேமிக்க அறைகளுக்கு இடையே இருந்த மறைவறைகளில் இரும்பு டிரம்கள். அவற்றில் ஏறத்தாழ 20 டன் கிளாபர் உப்பு. 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ரசவாதி கிளாபர் 'அதிசய உப்பு' என்று கொண்டாடி, ஐரோப்பாவே பேதிக்குக் குடித்த அதே உப்பு. 32 டிகிரியில் உருகும், விலை மலிவு, ஒரு கிலோவில் ஏராளமான வெப்பத்தை அடக்கும். தாளில் இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

முதல் இரண்டு குளிர்காலம் வீடு கதகதப்பாக இருந்தது. பத்திரிகைகள் படம் எடுத்துப் போட்டன. பிறகு உப்பு தன் வேலையைக் காட்டியது. அது உருகும்போது ஒரு பகுதி நீரை விட்டுப் பிரிந்து அடியில் மண்டியாகப் படியும். மறுபடி குளிரும்போது அடிமண்டியும் மேல்நீரும் முழுசாகச் சேருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிப்பு குறையும். டிரம்களும் அரித்துக் கசிந்தன. மூன்றாவது குளிர்காலத்தில் வீடு சோர்ந்துபோனது. பின்னர் வழக்கமான வெப்பமூட்டியையே மாட்டினார்கள். டெல்கெஸ் விடவில்லை. கொஞ்சம் வெங்காரத்தைக் கலந்தால் படிகம் உருவாக அது வித்தாகும், உப்பு உறைய அடம் பிடிக்காது என்று 1952-இல் எழுதினார். பிசிஎம் என்று பொறியாளர்கள் சுருக்கிச் சொல்லும் நிலைமாற்றப் பொருள்களில் வேலை செய்கிற எவரும் அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது.

விண்வெளிக்காரர்கள் உப்பின் வம்பே வேண்டாம் என்று மெழுகுக்குப் போனார்கள். 1971-இல் அப்போலோ 15-இன் நிலா வண்டியில் மின்னணுப் பெட்டிகளின் சூட்டை வாங்கிக்கொள்ள மெழுகு இருந்தது. காற்றே இல்லாத இடத்தில் விசிறி வைத்து என்ன பயன்? வண்டி ஓடும்போது மெழுகு உருகும். நிறுத்திய பிறகு மூடியைத் திறந்து வைத்தால் சூட்டை இருண்ட வானத்துக்குக் கதிர்வீச்சாக விட்டு உறையும். இடைஞ்சலாக வந்தது நிலவின் தூசிதான். கதிர்வீசும் கண்ணாடிப் பரப்பில் அது அப்பிக்கொள்ளும். துடைத்தாலும் முழுதாகப் போகாது.

மெழுகைத் துணிக்குள் கொண்டுவந்த கதை இதைவிட விசித்திரம். 1950-களில் என்சிஆர் கம்பெனி கார்பன் இல்லாத நகல் தாளைக் கண்டுபிடித்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களுக்குள் மை. பேனா அழுத்தினால் உடையும். கீழ்த்தாளில் எழுத்து பதியும். பில் புத்தகங்களில் நாம் இன்றும் கிழித்துக் கொடுப்பது அதன் வாரிசு. மைக்குப் பதில் மெழுகைக் குமிழுக்குள் அடைத்து, உடையாமல் துணியில் கோத்தால்? 1980-களின் பிற்பகுதியில் விண்வெளிக் கையுறைக்காக நாசா பணம் கொடுத்து நடந்த ஆய்வு அது. கையுறை விண்வெளிக்குப் போனதோ இல்லையோ, துணி பனிச்சறுக்கு உடையாகவும் மெத்தை விரிப்பாகவும் கடைக்குப் போய்விட்டது.

இதற்கிடையே கணினிக்காரர்கள் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று இருந்தது. உருகிய திரவம் சும்மா நிற்காது. சூடானது மேலேறும், குளிர்ந்தது இறங்கும். அந்தச் சுழற்சி கட்டியின் மேல்பாகத்தை அதிகமாகத் தின்னும். அப்படியானால் திண்மக் கட்டத்தில் ஓட்டம் பூஜ்யம், திரவக் கட்டத்தில் முழு ஓட்டம், பாதி உருகிய கூழ்க் கட்டத்தில்? 1987-இல் வொல்லரும் பிரகாஷும் கொடுத்த விடை: கூழை நுண்துளைகள் நிறைந்த மணல்போலப் பாவித்துவிடு. மணலில் நீர் எப்படி ஊறும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. அதை மண் நீரோட்டத்துக்காக எழுதியவர் யோசஃப் கொஸெனி. எழுதிய ஆண்டு 1927. அச்சான இடம் வியன்னா அறிவியல் கழக ஏடு. 38 ஆண்டுகளுக்கு முன் ஸ்டெஃபானின் துருவப் பனி அச்சான அதே ஏடு! வயல்மண்ணைப் பற்றிய அந்தக் கட்டுரையும் கடற்பனியைப் பற்றிய இந்தக் கட்டுரையும் சந்தித்துக்கொள்ள அறுபது ஆண்டுகளும் ஒரு கணினியும் தேவைப்பட்டன.

புது முறையைச் சரிபார்க்க ஒரு சோதனை வேண்டுமே. அதற்கு வந்தது காலியம். சென்னையில் மே மாதம் மேசையில் வைத்தால் தானே உருகி ஓடும் உலோகம், உருகுநிலை 29.8 டிகிரி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் காவ், விஸ்காந்தா இருவரும் 1986-இல் உள்ளங்கையகல நீளமுள்ள ஒரு பெட்டியில் காலியத்தை வைத்து, ஒரு பக்கச் சுவரை 38 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். உலோகம் ஒளி ஊடுருவாதது. உள்ளே எல்லை எங்கே என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே குறித்த நேரத்தில் பெட்டியில் இருந்த திரவத்தைச் சட்டென்று வெளியே கொட்டிவிட்டு, மிஞ்சிய கட்டியின் உருவத்தை அளந்தார்கள். அடுத்த நேரத்துக்கு மறுபடி முதலில் இருந்து உறைய வைத்து, உருக்கி, கொட்டி.

1988-இல் வொல்லர் குழு 42-க்கு 32 என்ற கட்டங்களில் அதைக் கணினியில் போட்டது. திரவத்தில் ஒரே பெரிய சுழல்; எல்லை சோதனையோடு நன்றாகப் பொருந்தியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. புதிதாக எழுதப்படும் மென்பொருள் ஒவ்வொன்றும் இந்தக் காலியப் பெட்டியில் பரீட்சை எழுதி, அதே ஒற்றைச் சுழலைக் காட்டித் தேறியது. மறு ஆண்டே டான்சிக் என்பவர் தன் கணக்கில் தொடக்கத்தில் பல சிறு சுழல்கள் வருவதாகச் சொன்னார். யார் சரி? பத்தாண்டுக்கு மேல் வாதம் ஓடியது. 2003-இல் ஹன்னூன் குழு கட்டங்களை மிக நுணுக்கமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது: அந்தச் சமன்பாடுகளுக்கு உண்மையான விடை பல சுழல்கள்தான், கட்டங்கள் கரடுமுரடாக இருந்ததால் ஒற்றைச் சுழல் வந்தது. அப்படியானால் சோதனை ஏன் ஒற்றைச் சுழலோடு பொருந்தியது? நிஜப் பெட்டிக்கு முன்னும் பின்னும் சுவர் உண்டு, அவை ஓட்டத்தைப் பிடித்து இழுக்கும். இரு பரிமாணக் கணக்கில் அந்தச் சுவர்கள் இல்லை. முப்பரிமாணத்தில் போட்டபோதுதான் விஷயம் சோதனைக்கு அருகில் வந்தது. ஆக, தவறான கட்டமும் விடுபட்ட சுவரும் ஒன்றை ஒன்று சமன் செய்து சரியான விடை போன்ற ஒன்றைத் தந்திருக்கின்றன. பார்த்து எழுதியவர்கள் எல்லோரும் தேறிய விசித்திரமான பரீட்சை.

நகல் எடுக்கும் வழக்கம் ஓய்ந்துவிடவில்லை. கூழ்க் கட்டத்து விதியில் ஒரு மாறிலி உண்டு. அதை எவ்வளவு என்று வைப்பது என்பதற்கு உறுதியான வழி கிடையாது. பெயர்பெற்ற ஒரு வணிக மென்பொருளில் லட்சம் என்று அது முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் பத்தாயிரத்திலிருந்து பத்து கோடி வரைக்கும் பார்க்கலாம். அதை மாற்றினால் மெழுகு உருகும் நேரமே மாறிவிடும். நிரப்பியிருந்ததைத் தொடாமல் விட்டவர்களும், சோதனையோடு பொருந்தும் வரை திருகியவர்களும் வண்ணப்படங்களை ஒரே தன்னம்பிக்கையோடுதான் அச்சிடுகிறார்கள். இந்தத் துறையின் கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

கணினி இல்லாமலே இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறவர்கள் தடுப்பூசி முகாம்களில் இருக்கிறார்கள். மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரே தடுப்பூசிப் பெட்டியில் வைத்தால் ஹெபடைடிஸ்-பி போன்ற மருந்துகள் உறைந்து வீணாகும். அதனால் பேக்கை வெளியே வைத்திருந்து, காதருகே குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும் என்று சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். சத்தம் கேட்டால் உள்ளே ஐஸும் உண்டு, தண்ணீரும் உண்டு. இரண்டும் சேர்ந்து இருக்கும் வரை வெப்பநிலை பூஜ்யத்தை விட்டு அசையாது. குலுக்கும் வேலையையும் மிச்சப்படுத்த, 6 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகும் டெட்ராடெக்கேன் என்ற மெழுகு வகையை அடைத்த பேக்குகள் இப்போது வந்திருக்கின்றன. அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் வெளி வெப்பநிலைக்கு 43 டிகிரியை எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பெட்டிகளைச் சோதிக்க வைத்திருக்கும் அளவு அது. வேலூர்க்காரர்களுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.